முன்சீட்டில் கிளேவின்

"அப்பா என்னல சொன்னாரு?" என்று கேட்கிறது கிளேவினுடைய முதுகு. முகம் கேட்கவில்லை, முகம் அந்தப் பக்கம் இருக்கிறது, இரண்டு பேர் உட்காருகிற இந்தக் கயாக்கில் முன்சீட்டுக்காரன் சட்டென்று திரும்பினால் இரண்டு பேரும் கழிமுகத் தண்ணிக்குள்தான், ஆகவே மத்தியானம் வரைக்கும் எனக்கு அவன் முதுகோடுதான் சகவாசம், ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட், அதற்கு மேலே வெயிலில் கறுத்த கழுத்து, ஜாடிக்குக் கைப்பிடி வைத்த மாதிரி இரண்டு காதுகள். நான் துடுப்பை நிறுத்திவிட்டுக் கரையைப் பார்க்கிறேன். அவனுடைய அப்பா மோத்தா மாமா அங்கே நிற்கிறார், கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி, கச்சான் காற்றில் வேட்டி ஒரு பக்கமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது, இப்போதுதான் கையைத் தூக்கினார், வாயைத் திறந்தார், உதடு இரண்டு தடவை கூடிப் பிரிந்தது, சத்தம் வரவில்லை. வராது. நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரியில், தவக்காலத்துக்கு முன்னால், கட்டியோடு சேர்த்து அவருடைய குரல்வளையையும் எடுத்துவிட்டார்கள், இப்போது மூச்சுகூட மூக்கு வழியாகக் கிடையாது, அந்தத் துணிக்குப் பின்னால் இருக்கிற ஓட்டை வழியாகத்தான். "தூரத்துல தெரியலல," என்கிறேன். "உனக்குத் தெரியும். நீ சொல்லு. அவரு குரல்ல சொல்லு டெல்சா." துடுப்பிலிருந்து தண்ணீர் என் முழங்காலில் சொட்டுகிறது. அப்புறம் என் வாய் என்னைக் கேட்காமலே நவநீத் சார் குரலில் திறந்துகொள்கிறது, "கைஸ், கைஸ், ஃபர்ஸ்ட் லைஃப் ஜாக்கெட் க்ளிப்பு, நெக்ஸ்ட்தான் ஃபீலிங்ஸு, ஓகேவா கைஸ்," பக்கத்தில் மஞ்சள் ஒற்றைக் கயாக்கில் வருகிற இசக்கிராஜ் சிரிக்கிற சிரிப்பில் அவன் கயாக் ஒரு ஆட்டம் ஆடி நிற்கிறது. முதுகு சிரிக்கவில்லை.

நவநீத் சார்தான் இந்தப் போட்டியை நடத்துகிறவர், மெட்ராஸ்காரர், கறுப்புக் கண்ணாடியைத் தொப்பிக்கு மேலே போட்டுக்கொண்டு வெயிலுக்குக் கண்ணைச் சுருக்குகிறவர், அவர் குரல் எடுக்கச் சுலபம், எல்லா வார்த்தைக்கும் பின்னால் ஒரு சின்னப் படி கட்டி அதில் ஏறி நின்றுதான் அடுத்த வார்த்தைக்குப் போவார், அந்தப் படியைப் பிடித்துவிட்டால் ஆள் கிடைத்துவிடும். சனி ஞாயிறு இரண்டு நாள் போட்டி, இன்றைக்கு ஞாயிறு, டீமுக்கு மூன்று பேர், டீமுக்கு மூன்று மீன், தூண்டிலில் மட்டும்தான், பிடித்த மீனை அளவுப் பலகையில் வாயை மூடிப் படுக்கவைத்து, பக்கத்தில் டீம் அட்டையை வைத்துப் போட்டோ, பிறகு தண்ணீரில் விட்டு அது நீந்திப்போகிறதை வீடியோ, மூன்று மீனுடைய நீளத்தையும் கூட்டி யாருக்குக் கூடுதலோ அவர்களுக்கு இதே மாதிரி ஒரு புதுக் கயாக். செத்த மீனுக்குக் கணக்கு கிடையாது. அதை அவர் மைக்கில் சொன்னபோது கரையில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த மிக்கேலாள் அக்கா, "பிடிச்ச மீன விடுறதுக்கா தம்பி மெட்ராஸ்ல இருந்து வந்திய? ஒரு போன் போட்டிருந்தா நாங்களே விட்டிருப்பம்லா," என்றாள், அதற்கு நவநீத் சார், "அதான் ஆன்ட்டி ஸ்போர்ட்டு," என்றார், அக்கா பதிலுக்கு, "ஸ்போர்ட்டு சோத்துக்கு வெஞ்சனம் ஆவுமா," என்றாள், இரண்டு குரலையும் அப்போதே உள்ளே எடுத்து வைத்துக்கொண்டேன், எதற்காவது ஆகும். நேற்று இரண்டு மீன் ஆகிவிட்டது, இசக்கிக்கு ஒரு பாறை, எனக்கு ஒரு கலவா, இரண்டும் சுமார், மூன்றாவது மட்டும் நல்ல கொடுவாயாக விழுந்தால் கயாக் நமக்குத்தான் என்று இசக்கி நேற்றிலிருந்து சொல்கிறான். அந்தக் கயாக்கை எங்கே நிறுத்துவது என்றுகூட முடிவுசெய்துவிட்டான், அவன் வீட்டு மாட்டுக்கொட்டகையில், மாட்டை என்ன செய்வான் என்று கேட்டதற்கு மாடு அட்ஜஸ்ட் பண்ணிக்கிடும் என்றான்.

அலையாத்திக் காட்டுக்கு நடுவே நுழைகிறோம், இங்கே காற்று இல்லை, தண்ணீர் சும்மா கிடக்கிறது, அழுகின இலை நாற்றமும் உப்பளத்து நாற்றமும் கலந்து நாக்கில் வந்து உட்காருகிறது. வேரெல்லாம் மண்ணுக்கு மேலே விரலை நீட்டிக்கொண்டிருக்கிறது. கிளேவின் பிளாஸ்டிக் மீனை வேருக்குப் பக்கத்தில் எறிந்து மெதுவாகச் சுற்றுகிறான், ரீல் கிர் கிர் என்கிறது, அந்தச் சத்தத்தையும் நான் எடுப்பேன், நாக்கை அண்ணத்தில் ஒட்டி, போன வாரம் இசக்கியை அப்படித்தான் மீன் மாட்டிவிட்டது என்று நம்பவைத்தேன், அவன் ஓடிவந்து பார்த்தபோது ராடு சும்மா சாய்ந்து கிடந்தது. எனக்கு எல்லாம் வரும். கோவிலில் பங்குச் சாமியாருடைய குரலில், "பெண்கள் பகுதியில் யாருடைய செல்போன் இது," என்று தூணுக்குப் பின்னால் நின்று சொன்னால் பெண்கள் பகுதி முழுக்கப் பையைத் துழாவும். மினிபஸ்ஸில் கண்டக்டர் குரலில், "உள்ள போங்க, உள்ள போங்க, உள்ள கால்பந்து ஆடலாம்," என்றால் கண்டக்டரே உள்ளே போவார். ஒரு ஆளுடைய குரல் தொண்டையில் இருக்கிறது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், அது இல்லை, அவர் எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறார், எந்த வார்த்தையை முழுங்குகிறார், பேசி முடித்த பிறகு வாயை எவ்வளவு நேரம் திறந்து வைத்திருக்கிறார், இவ்வளவுதான் ஆள். இதை நான் மோத்தா மாமாவைப் பார்த்தே ஒருநாள் சொன்னேன், ஆபரேஷனுக்கு வெகுகாலம் முன்னால், அவர் யோசித்துவிட்டு, "அப்ப தொண்டைய எடுத்து ஆணியில தொங்கப்போட்டிரலாம்," என்றார். ஏன் அதைச் சொன்னார். ஒன்றும் இல்லை, சும்மா சொன்னார். அது இப்போது ஞாபகத்துக்கு வருகிறது, வந்துவிட்டுப் போக மாட்டேன் என்கிறது, வேரில் மாட்டின தூண்டில் மாதிரி, இழுக்க இழுக்க இறுகுகிறது, நூலைத் தளர்த்தி வேறு பக்கமிருந்து இழுக்க வேண்டும்.

"நேத்து பல்லு தேய்ச்சிக்கிட்டு இருந்தேன்," என்கிறான் கிளேவின், திரும்பாமல், ரீலைச் சுற்றிக்கொண்டே. "அப்பா கிணத்தடிக்கு வந்தாரு. வாய அசைச்சாரு. முன்னால இருந்தா என்ன சொல்லியிருப்பாருன்னு நெனச்சுப் பாத்தேன். வரலல." "எது வரல?" "குரலு. ஏலக்குரல் வருது, அது ஊருக்கே வரும். வீட்டுக்குரல் வரல. நெனப்புலயும் வாய்தான் அசையுது. உள்ள சத்தம் இல்ல." இதைச் சொல்லிவிட்டு அவன் பிளாஸ்டிக் மீனைத் தண்ணீரிலிருந்து எடுத்து அதில் ஒட்டின பாசியைப் பிய்த்துப் போடுகிறான், ரொம்பக் கவனமாக, அதுதான் முக்கியமான வேலை என்பதுபோல. நான் துடுப்பை வலது பக்கம் ஒருதரம், இடது பக்கம் ஒருதரம். மோத்தா மாமா மீன் ஏலம் கூறுகிறவர், துறைமுகத்தில் அவர் குரலுக்காகவே வள்ளத்துக்காரர்கள் காத்திருப்பார்கள், அந்தக் குரல் எல்லோருடைய போனிலும் கிடக்கிறது, ஐநூறு ஐநூறு ஐநூத்தம்பது என்று தகரக்கூரையில் மழை விழுந்த மாதிரி. வீட்டுக்கு வந்தால் அவர் பேசவே மாட்டார், தொண்டைக்கு ஓய்வு, அங்கே இருந்தது வேறு குரல், அடியில் கிடக்கிற குரல், அதை யார் பதிவு செய்து வைப்பார்கள், சோறு போடு என்பதையும் மணி என்ன என்பதையும் யாராவது பதிவு செய்வார்களா. ஆனால் என்னிடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எங்கள் இரண்டு பேரையும் வள்ளத்தில் தூண்டிலுக்குக் கூட்டிப்போவார், அங்கேதான் அந்தக் குரலைப் பிடித்தேன், பிறகு டியூஷன் வாசலில் நின்று அதே குரலில், "மக்கா கிளேவின், வீட்டுக்கு வா," என்று ஒரு கூப்பிடு கூப்பிட்டேன், கிளேவின் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான், அவனுக்குப் பின்னால் டியூஷன் வாத்தியாரும் மரியாதையாக எழுந்து நின்றார். அன்றைக்கு உப்பளம் வரைக்கும் ஓடிச் சிரித்தோம். ஆக அந்தக் குரல் இந்த உலகத்தில் இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்டால், இங்கேதான், ஒரு வாடகைக் கயாக்கின் பின்சீட்டில், நனைந்த கால்சட்டையோடு. சொல்லிவிட்டால் முடிந்தது. இரண்டு வார்த்தை. மூச்சை எடு, அடியில் கொண்டுபோ, விடு. "தூத்துக்குடி, திருச்செந்தூர், ஆறுமுகநேரி, ஏறாதவங்க எல்லாம் இறங்குங்க," என்கிறேன் மினிபஸ் குரலில். "சவத்த மூடு," என்கிறான் கிளேவின்.

பயம் என்று இதைச் சொல்ல முடியுமா தெரியவில்லை, கணக்கு மாதிரி ஒன்று மட்டும் தலைக்குள் ஓடுகிறது, விடை வருகிறது, பிடிக்கவில்லை, மறுபடி முதலிலிருந்து போடுகிறேன். பள்ளிக்கூடத்தில் மாமா குரலைச் செய்து காட்டும்போது பையன்கள் சிரிப்பதற்காகக் கடைசியில் மூக்கால் ஒரு சிரிப்பு சேர்ப்பேன், "ஹ்க்கும்" என்று, மாமா அப்படிச் சிரித்ததே கிடையாது, அது சும்மா உப்புக்கு ஒரு கல், குரலைவிட அந்த ஹ்க்கும்தான் பிரசித்தம் ஆனது, இசக்கி முதற்கொண்டு எல்லோரும் மாமா என்றால் ஹ்க்கும் என்பார்கள். ஆபரேஷன் முடிந்து மாமா வீட்டுக்கு வந்த வாரத்தில் கிளேவின் வீட்டில் புட்டு தின்றுகொண்டிருந்தேன், அவன் தங்கச்சி ஜெஸ்லின் சர்க்கரை டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தாள், கிளேவின் அவளிடம், "அப்பா பேசி முடிச்சதும் ஹ்க்கும்னு ஒரு சிரிப்பு சிரிப்பாருல்லா, அது எனக்குப் பிடிக்கும்," என்றான், அவளும், "ஆமா," என்றாள். ஆமா என்கிறாள். அவள் அந்த வீட்டில் பிறந்தவள். நான் வாயிலிருந்த புட்டை முழுங்கினேன், தண்ணீர் குடித்தேன். உப்புப் பாத்தியில் உப்பு பூத்துக் கிடக்கும்போது அதற்கு மேலே நல்ல தண்ணீரைத் திறந்துவிட்டால் என்ன ஆகும், அடியில் இருக்கிறதும் கரைந்துபோகும், மேலே வெறும் தண்ணீர் பளபளவென்று நிற்கும், பார்க்கிறவனுக்குப் பாத்தி நிறைந்திருக்கிற மாதிரித் தெரியும். அவனுக்குள் எங்கேயாவது ஒரு மூலையில் உண்மையான குரல் ஒரு கைப்பிடி மிச்சம் இருக்கும், நான் இப்போது வாயைத் திறந்தால் அதற்கு மேலே என்னுடையது போய் விழும், இனி அவன் அப்பாவை நினைக்கிறபோதெல்லாம் டெல்சன் பேசுவான், நாற்பது வயதில், பிள்ளைகுட்டிகளோடு உட்கார்ந்து, உங்கள் தாத்தா இப்படித்தான் பேசுவார் என்று டெல்சனைப் பேசுவான். இதில் தமாஷ் இருக்கிறது, நல்ல தமாஷ்தான், இந்த ஊரில் இதைவிடப் பெரிய தமாஷ் ஒருத்தனும் பண்ணியிருக்க மாட்டான். சிரிப்பு வரவில்லை. சிரிப்பை விட்டுவிட்டுச் செய்தால் என்ன. செய்யலாம். ஆனால் சிரிப்பை எடுத்துவிட்டால் மிச்சம் இருக்கிறது சுத்தம் என்று யார் சொன்னது, வேறு எதையெல்லாம் சேர்த்தேனோ, கொஞ்சம் கரகரப்பு சேர்த்திருப்பேன், கொஞ்சம் பெரியதனம், எனக்கே தெரியாது, கிணற்றடியில் யோசித்தால் எனக்கும் வாய்தான் அசையுமோ என்னவோ.

கடல் இறங்கித் தண்ணீர் வற்ற ஆரம்பித்துவிட்டது, அலையாத்தி வேரில் ஈரக்கோடு தெரிகிறது, கயாக் தானாக முகத்துவாரத்துப் பக்கம் நகர்கிறது. இசக்கி தூரத்திலிருந்து கத்துகிறான், "ஏல, ரெண்டு பேரும் மீன் பிடிக்கியளா, பொண்ணு பாக்க வந்தியளா, நவநீத் சார் கொம்பூத நேரமாச்சு!" அவன் பக்கத்தில் வேறொரு டீம், திருநெல்வேலிப் பையன்கள், நல்ல நீளமாக ஒரு ஊளியைப் பலகையில் போட்டு வாயை மூடுகிறார்கள், அது மூட மாட்டேன் என்கிறது. கிளேவின் எறிகிறான், சுற்றுகிறான், எறிகிறான். ஒரு கெளிறு மாட்டியது, அதன் முள்ளுக்குப் பயந்து நூலை அறுத்தே விட்டான். பிறகு ஒன்றும் இல்லை. வெயில் பிடரியில் ஒரு கை வைத்த மாதிரி இருக்கிறது. தூரத்தில் அனல்மின் நிலையத்துப் புகைக்கூண்டுகள் புகையை ஒரே பக்கமாகச் சாய்த்துக்கொண்டு நிற்கின்றன. "டெல்சா." "ம்." "நீ செய்ய மாட்டன்னா மாட்டேன்னு சொல்லிரு. பஸ்ஸு கிஸ்ஸுன்னு ஓட்டாத." "மாட்டேன்னு இல்லல." "பெறவு?" பெறவு என்றால் என்ன சொல்வது, பெறவு என்கிற வார்த்தைக்குப் பின்னால் இவ்வளவு தண்ணீர் கிடக்கிறது, என் குரலில் பதில் சொல்ல வேண்டிய இடங்களில் எனக்கு எப்போதுமே ஆள் கிடைப்பதில்லை, "சரியா வராதுன்னு தோணுது," என்கிறேன், அது நன்றாக இல்லை, யாருடைய குரலும் இல்லாத ஒரு குரலில் வருகிறது, மட்டமான நடிகன் பேசின மாதிரி. "உனக்கா?" என்கிறான் கிளேவின். "உனக்கு வராதா? மிக்கேலாள் அக்காவோட ஆட்டுக்குரல் முதக்கொண்டு எடுப்ப." அவன் காது இரண்டும் சிவந்திருக்கிறது, வெயிலால் இருக்கலாம். நான் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், காதுக்குள் போகிற அந்த மடிப்பு, அதன் வழியாகத்தானே எல்லாம் போக வேண்டும், இங்கிருந்து ஒரு முழத் தூரம், பின்னாலிருந்து, முகமே தெரியாமல், ஐயோ, வேறு எந்த இடத்தில் வைத்துக் கேட்டிருந்தாலும் என் மூஞ்சி தெரிந்து, இது அப்பா இல்லை என்று அவனைக் காப்பாற்றியிருக்கும்.

ரீல் கத்துகிறது. நான் கத்தவில்லை, ரீல்தான், "ஏல நீயால?" என்கிறான் கிளேவின், "நான் இல்லல!" அதற்குள் ராடு வில்லாக வளைந்து முனை தண்ணீரைத் தொடுகிறது, கயாக்கின் மூக்கு திரும்புகிறது, யாரோ கயிறு கட்டி இழுக்கிற மாதிரி இழுத்துக்கொண்டு போகிறது, மீன் வேருக்குப் போகிறது, வேருக்குள் போனால் நூல் அறுந்துவிடும், துடுப்பைப் பின்னால் போட்டுத் தள்ளுகிறேன், தண்ணீர் பிளந்து ஒரு வெள்ளி வயிறு எழும்பித் தலையை உதறி விழுகிறது, கொடுவா, அடேயப்பா, கிளேவினுடைய தொடை அளவுக்கு. "இசக்கி! ஏல இசக்கி!" என்று யார் கத்தினது, நான்தானோ. கிளேவின் எழுந்து நிற்கப் பார்க்கிறான், உட்காருல, ராடை இழுக்கிறான், ரொம்ப இழுக்கிறான், நூல் வீணைக்கம்பி மாதிரி நிற்கிறது, இப்படி இழுத்தால் போச்சு, கயாக் ஒரு பக்கமாகச் சாய்ந்து தண்ணீர் என் இடுப்புக்கு வருகிறது, வற்றுகிற தண்ணீர் எங்களை முகத்துவாரத்துக்குத் தள்ளுகிறது, அங்கே அலை வெள்ளையாக உடைவது தெரிகிறது. "பைய, மக்கா." அவன் கை நிற்கிறது. "பைய. ஓடட்டும். ஓடிக் களைக்கட்டும்." ரீல் ஓடுகிறது. "இப்ப எடு." எடுக்கிறான். "போதும். விடு." விடுகிறான். எனக்கு எதிரே முதுகு நேராகிவிட்டது, தோள் இரண்டும் இறங்கிவிட்டது, நான் அதைப் பார்க்கிறேன், துடுப்பைப் பார்க்கிறேன், நூல் போகிற திசையைப் பார்க்கிறேன், அடியிலிருந்து வந்துகொண்டிருக்கிறது குரல், யோசித்து எடுக்கவில்லை, நான் எடுக்கவே இல்லை, மூச்சு எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நிற்கிறது, அவசரம் கிடையாது, ஒரு வார்த்தைக்கும் இன்னொரு வார்த்தைக்கும் நடுவே ஒரு ஆள் உட்கார்ந்து எழலாம், வள்ளத்தின் முன்பக்கம், அணியத்தில் நிற்கிற எங்களுக்குப் பின்னாலிருந்து அவர் இப்படித்தான் சொல்லுவார், பின்னாலிருந்துதான், எப்போதும் பின்னாலிருந்துதான். "பக்கத்துல வந்திட்டான். செவுளத் தொடாத, வெட்டிரும். தாடைக்குள்ள கை போடு. ம். தூக்கு." கொடுவா உள்ளே வந்து விழுந்தது, அவன் கால்களுக்கு நடுவே, விழுந்ததும் அடிக்கத் தொடங்கியது, வால் பிளாஸ்டிக்கில் பறை அடிக்கிறது, வாயில் தொங்குகிற கொக்கி அவன் விரலுக்கும் தொடைக்கும் நடுவே இங்கும் அங்கும் பறக்கிறது, கயாக் இடம் வலம் இடம், "மண்டையில ஒண்ணு போடு, மக்கா," என்றது குரல், கிளேவின் துடுப்பைத் தூக்கிக் கைப்பிடிப் பக்கத்தால் கண்ணுக்குப் பின்னால் ஒரே ஒரு போடு போட்டான். மீன் விறைத்து, ஒரு சிலிர்ப்பு சிலிர்த்து, அடங்கியது. கயாக்கும் அடங்கியது.

பெரிய மீன் உள்ளே வந்தால் அப்படித்தான் செய்வோம், வள்ளத்தில் பிறந்து வளர்ந்த எந்தப் பையனும் அதைத்தான் செய்வான், மண்டையில் ஒன்று போடாவிட்டால் அது ஆளை வெட்டும், கொக்கி கையில் ஏறும், வள்ளம் ஆடும், இதை யாரும் யோசித்துச் செய்வதில்லை, கொசு உட்கார்ந்தால் அடிக்கிற மாதிரி. மெட்ராஸ்காரன் எவனும் இப்படித் தோற்க மாட்டான். நான் மீனை வாங்கித் தண்ணீருக்குள் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பார்க்கிறேன், செவுளுக்குள் தண்ணீர் போகட்டும் என்று, கண் தெளிவாகத்தான் இருக்கிறது, வாய் திறந்து திறந்து மூடுகிறது, அது என் கை ஆடுவதால். மறுபடி எடுத்துப் பலகையில் வைத்தேன், எதற்கென்று தெரியாமல், வால் பலகையைத் தாண்டி வெளியே நீண்டுகொண்டிருந்தது. என் வாய்க்குள் இப்போது அந்தக் குரல் இல்லை. கிளேவின் அசையவில்லை, துடுப்பு மடியில் குறுக்கே கிடக்கிறது. இசக்கி கை சுழல வந்துகொண்டிருக்கிறான், "பலகையில போடுல, வாய மூடு, அட்டைய வையி, நம்ம கயாக்குதான்ல, நம்ம கயாக்குதான்," என்று வந்தவன் பக்கத்தில் வந்து மீனைப் பார்த்தான், அதன் மண்டையில் கசிகிற சிவப்பைப் பார்த்தான், துடுப்பைப் பார்த்தான். "அடிச்சிட்டியளா," என்றான், ரொம்ப மெதுவாக. அப்புறம்தான் குரல் ஏறியது, "அடிச்சிட்டியளால! செத்த மீனுக்குக் கணக்கு இல்லன்னு நேத்திலருந்து தலைபாடா அடிச்சிக்கிட்டேன், கேட்டியளால ரெண்டு பேரும்? யாருல அடிக்கச் சொன்னா? ஏல கிளேவினு, ஒன்னத்தான், யாரு அடிக்கச் சொன்னா?"

"அப்பா," என்றான் கிளேவின்.

இசக்கி அவனைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், அவன் முகத்தில் திட்டு ஒன்று பாதி வந்து நின்றுவிட்டது, துடுப்பைத் தொடையில் வைத்துக்கொண்டு தண்ணீரைப் பார்க்க ஆரம்பித்தான். கரைப்பக்கமிருந்து கொம்புச் சத்தம் வருகிறது, போட்டி முடிந்தது என்று, அதைத் தொடர்ந்து நவநீத் சாருடைய மைக், கைஸ் கைஸ் என்று, அவர் இல்லாத நேரத்தில் நான் செய்வதைவிட மோசமாக. இசக்கியின் அந்த முகத்துக்கு ஒரு வரி வருகிறது எனக்கு, மாட்டுக்கொட்டகையையும் மாட்டையும் சேர்த்து, மிக்கேலாள் அக்கா குரலில், அப்படி ஒரு வரி இந்த வருஷத்தில் எனக்கு வந்ததில்லை, நாக்கு நுனியில் வந்து ஏறி உட்கார்ந்துவிட்டது, வாயைத் திறக்கிறேன், முன்சீட்டிலிருந்து கிளேவின் ஒரு கையைப் பின்பக்கம் நீட்டி விரித்துக் காட்டுகிறான், மாதா கோவில் சப்பரம் போகிறபோது கூட்டத்தை நிறுத்துகிறவர்கள் காட்டுகிற மாதிரி. "எதுவும் பேசாதல," என்கிறான். "யாரு மாதிரியும் பேசாத. கரை வரைக்கும்." அவன் தலை கொஞ்சம் சாய்ந்திருக்கிறது, காதில் தண்ணீர் போனவன் அது வெளியே வந்துவிடாமல் பிடித்து வைத்துக்கொண்டிருக்கிற மாதிரி. வரியை முழுங்கினேன். கயாக்கைக் கரைப்பக்கம் திருப்பி, துடுப்பைச் சத்தம் கேட்காமல் இருக்கக் கத்தி மாதிரி நிறுத்தித் தண்ணீருக்குள் இறக்கி, இழுத்து, சொட்டு விழாமல் எடுத்து, மறுபக்கம் இறக்கினேன்.